வாழைப்பூக் கஷாயம்

போன வாரம் ரோஸ்லினை ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள்.

கதவுத் தட்டில் மாமனார் செல்லக்கண்ணுவின் இன்சுலின் பாட்டில்கள், மூடி திறக்காமல் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலில் பழுப்பு நிறத்தில் ஏதோ கஷாயம். மோந்து பார்த்தாள். வாழைப்பூ ஆயும்போது நடுவில் இருக்கும் நரம்பைப் பிடுங்கி எறிகிறோமே, அதைக் கொதிக்க வைத்த தண்ணீர்.

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால் அந்த வைத்தியத்தை உலகத்துக்குக் கொடுத்ததே அவளும் அவள் நாத்தனார் விஜயராணியும்தான்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ரோஸ்லின் லைப்ரரியன். விஜயராணி அங்கேயே பயோகெமிஸ்ட்ரி புரொபசர். லைப்ரரியன் என்றால் புத்தகத்துக்கு சீல் வைக்கிறவர் என்று நினைக்கிற ஊரில், விஜயராணி தன் வெள்ளிக்கிழமை பீரியட் ஒன்றை அண்ணிக்கு விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்தாள் என்பதுகூடத் தப்பு. இரண்டு பேரும் சேர்ந்தே நடத்தினார்கள். போனில் வருகிற செய்தி, புத்தகத்தில் இருக்கிற செய்தி, எதை நம்புவது, எப்படித் தேடிப் பார்ப்பது என்பதுதான் பாடம். சங்கதி விஜயராணியுடையது, தேடுகிற வித்தை ரோஸ்லினுடையது.

மூன்று கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். யார் சொன்னது? அப்படி ஓர் ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா? வேறு யாராவது அதைச் சொல்கிறார்களா?

பயிற்சிக்கு ஒரு பொய்ச் செய்தி வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஊர் சுற்றிய பொய்யைக் கொடுத்தால் பிள்ளைகள் போனில் ஒரு தட்டு தட்டி, இது பொய் என்று வேறு யாரோ எழுதி வைத்ததைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். அதனால் யாரும் கேள்விப்படாத புதுப் பொய்யை இவர்களே செய்தார்கள். வாழைப்பூ நரம்பை நாற்பது நாள் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை நோய்க்கு மருந்தே வேண்டாம் என்று ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சி. இல்லாத விஞ்ஞானி, இல்லாத ஜர்னல். எறிகிற பொருள்தானே, இதை எவன் குடிக்கப் போகிறான் என்று நினைத்தார்கள். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகளுக்காக ரோஸ்லின் அதை அழகான தமிழிலும் எழுதிக் கொடுத்தாள்.

இங்கிலீஷோடு நிறுத்தியிருந்தால் அது வகுப்போடு செத்திருக்கும். அந்தத் தமிழ்தான் றெக்கை கட்டிக்கொண்டது. மேலே ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று போட்டிருந்த வரியை யாரோ வெட்டிவிட்டுப் படம் எடுத்து அனுப்ப, அது ரோஸ்லின் வீடு இருக்கிற ஒதியம்பட்டில், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் சாம்பல் புதனுக்கு முதல் நாள் வந்து இறங்கியது. நாற்பது நாள் என்று எழுதியது சும்மா வாய்க்கு வந்த கணக்கு. சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை போகிற தவக்காலமும் நாற்பது நாள். குழுவில் இருந்தவர்கள் அதை ஆண்டவர் கொடுத்த அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். பேருக்கு அந்தக் குழுவில் இருந்த ரோஸ்லின் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ரோஸ்லின் உடனே வில்லியனூருக்குப் போன் போட்டாள். கல்யாணமாகி அங்கே இருக்கிற விஜயராணி, தலையைக்கூட வாராமல் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அவள் அண்ணனும் ரோஸ்லினின் வீட்டுக்காரனுமான டேனியல் விடியற்காலையிலேயே சேதராப்பட்டு கம்பெனிக்கு முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தான்.

செல்லக்கண்ணு கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அடுத்தவர் கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை உரித்தவர். பிறகு ஒரு மில்லில் வாட்ச்மேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஆனால் எழுத்து என்றால் உயிர். அவர் தலைக்கு மேலே சுவரில் விஜயராணி கறுப்பு அங்கி போட்டு டாக்டர் பட்டம் வாங்கும் படம். அதற்கும் மாதா படத்துக்கும் ஒரே அளவில் சட்டம் போட்டிருந்தார். தெருவில் யார் கேட்டாலும் ‘எங்க வூட்டு டாக்டரு’ என்பார். நான் ஊசி போடுற டாக்டர் இல்லப்பா என்று மகள் பல தடவை சொல்லிவிட்டாள். ஊசி போடுறவன் ஊர்ல நூறு பேரு இருக்கான், புதுசா கண்டுபிடிக்கிறவதான் நெஜ டாக்டரு என்பது அவருடைய தீர்ப்பு.

“இன்னாம்மா, காலங்காத்தால ரெண்டு பேரும் சேந்து வந்து நிக்கிறீங்க?”

ஊசி போட்டுக்கொள்வதை எப்போது நிறுத்தினீர்கள் என்று ரோஸ்லின் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. சாம்பல் புதன் பூசையில் நேர்ந்துகொண்டதாகவும், ஈஸ்டர் வரைக்கும் கறி இல்லை, ஊசி இல்லை, கஷாயம் மட்டும்தான் என்றும் சொன்னார். உடம்பு பஞ்சு மாதிரி லேசாக இருக்கிறதாம். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பேர் குடிக்கிறார்களாம்.

விஜயராணி அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“அப்பா, அது பொய்ப்பா. நானும் அண்ணியும் பசங்களுக்குப் பாடம் நடத்த எழுதினது. அப்படி ஒரு ஆராய்ச்சியே கெடையாது.”

செல்லக்கண்ணு பேப்பரை மடித்தார்.

“நீ எழுதினதா?”

“ஆமாம்பா.”

“ரோசு, நீயுமா?”

“தமிழ்ல எழுதினது நான்தான் மாமா.”

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அவமானத்தில் கலங்குகிறார் என்று ரோஸ்லின் நினைத்தாள்.

“அதான பாத்தன். படிக்கிறப்பவே நெனச்சன், எவ்ளோ தெளிவா எழுதியிருக்குன்னு. எம் பொண்ணு எழுதினா அது எப்படிம்மா பொய்யா இருக்கும்?”

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். விஜயராணி எல்லா விதத்திலும் சொல்லிப் பார்த்தாள். அந்த விஞ்ஞானி பெயரை எப்படிச் சேர்த்தோம், அந்த ஜர்னல் பெயரை எந்த இரண்டு பெயரிலிருந்து ஒட்டினோம் என்பதுவரை விளக்கினாள். அவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, காலேஜில் கண்டித்துவிட்டார்கள் போல, அதனால்தான் பிள்ளை பயந்து மாற்றிப் பேசுகிறது என்று முடிவு கட்டினார். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தால் நாலு பேர் நெருக்கத்தான் செய்வார்கள் என்று அவளுக்கே ஆறுதல் சொன்னார்.

விஜயராணி அழுதேவிட்டாள். அப்பா தன்னை நம்ப வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டவள். இன்று ஒரே ஒரு தடவை நம்பாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ரோஸ்லின் சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து வந்தாள். அவர் விரலைக் கொடுக்கவில்லை. இப்பவே கிளம்பலாம், ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றாள். இன்று வெள்ளிக்கிழமை, சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் இருக்கிறது, அது முடிந்து டேனியலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று சிலுவைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். பெரிய மனுஷன் சத்தியம் செய்த பிறகு குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

பங்குனி வெயிலில் அவர் இரண்டு காலிலும் சாக்ஸ் போட்டிருந்தார். ஏன் என்று கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இத்தனை படித்தவர்கள். எழுதுகிற எனக்கே ஆத்திரமாக வருகிறது.

வீட்டில் நடக்காதது ஊரிலாவது நடக்கட்டும் என்று இருவரும் கல்லூரிக்குக் கிளம்பினார்கள். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த ரோஸ்லின், சிக்னலில் நின்றபோது அன்பியம் குழுவில் மறுப்பு ஒன்றைத் தட்டிவிட்டாள். அந்த வாழைப்பூச் செய்தி பொய், யாரும் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று. ஒருவர் கட்டைவிரல் காட்டினார். அடுத்தவர் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ போட்டார். அதோடு சரி.

வகுப்பில் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னார்கள். எல்லாருக்கும் முகம் தொங்கிப்போனது. ஒரு மணி நேரமும் மறுப்பை எப்படிப் பரப்புவது என்பதே பாடமானது. அருள்மொழி என்ற மாணவி எழுந்து, தன் வீட்டுக் குழுவில் நேற்றே மறுப்புப் போட்டதாகச் சொன்னாள். அவள் அம்மா, மிஸ் சொல்லிக்கொடுத்த அதே மூன்று கேள்வியைத் திருப்பிக் கேட்டாராம். இது பொய் என்று யார் சொன்னது? அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா? வேறு யாராவது சொல்கிறார்களா?

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கான கதை என்று ரோஸ்லின் முணுமுணுத்தாள்.

அடுத்து பிரின்சிபால் சாமிநாதன் அறை. கல்லூரி பெயரில் ஓர் அறிவிப்பு போட்டால் ஜனங்கள் நம்புவார்கள் என்று விஜயராணி கேட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், அப்பாவை விசாரித்தார். பிறகு கையை விரித்தார்.

“இப்ப அதை யாரு எழுதினதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நாமளே போய் கையத் தூக்கணுமாம்மா? எவனாவது குடிச்சுட்டு ஏதாவது ஆனா, காலேஜ் பேரு, உங்க ரெண்டு பேரு பேரு, எல்லாம் சேர்ந்துதான் போவும். விட்டுடுங்க. தானா அடங்கிடும்.”

அடங்காது சார் என்றாள் ரோஸ்லின். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. எதற்கும் அடுத்த வாரத்திலிருந்து அந்த வெள்ளிக்கிழமை பீரியடை இன்டர்வியூ பயிற்சிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். ஒரு வருஷமாக இரண்டு பேரும் கெஞ்சி அனுமதி வாங்கிய மணி நேரம் காபி ஆறுவதற்குள் போய்விட்டது.

வெளியே வந்த விஜயராணி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கு அண்ணி, பேர் தெரியாத பொய் சீக்கிரம் செத்துடும்னுதானே நாமளும் நடத்தினோம் என்றாள். ஆமாம் என்று ரோஸ்லினும் தலையாட்டினாள். அந்த ஓர் ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் மத்தியானச் சோற்றைத் தின்றார்கள்.

மூன்று மணி வாக்கில் டேனியல் கூப்பிட்டான். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவன்.

“ரோசு, அப்பா அனலா கொதிக்கிறாரு. சாக்ஸைக் கழட்டினன்.” யாரிடமோ ஆட்டோ கூப்பிடச் சொன்னான். “ரெண்டு விரலு கறுத்துப் போயிருக்கு. வாடை தாங்கல. நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.”

சர்க்கரை எகிறியிருக்கிறது, காலில் விஷம் ஏறியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இளம் வயதுப் பெண், கோபப்படாமல் பேசினாள். விரல்கள் இரண்டும் போகத்தான் வேண்டும். அதோடு நிற்குமா, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வருமா என்பதை நாளைக் காலையில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஊசியை ஏன் நிறுத்தினார் என்று அவள் கேட்டபோது டேனியல் தங்கையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். ஏதோ தெரியாமல் நிறுத்திட்டாரு மேடம் என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் திட்டாததுதான் இரண்டு பேரையும் கொன்றது.

கட்டிலில் செல்லக்கண்ணுவுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மகளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். கிட்டே வரச் சொன்னார். அவள் குனிந்தாள்.

“மனசு கஷ்டப்படாத ராணிம்மா. காலேஜ்ல அமுக்கப் பாத்தாலும் நான் வுடல. சொல்லிட்டன்.”

“என்னாத்தப்பா சொன்னீங்க?”

“காலைலயே. நீங்க கெளம்பினதும். குழுவுல எல்லாருக்கும்.”

விஜயராணிக்கு முதலில் புரியவில்லை. ரோஸ்லினுக்குப் புரிந்துவிட்டது. நாத்தனாரை வராந்தாவுக்கு இழுத்து வந்து போனைத் திறந்தாள். காலையில் தான் போட்ட மறுப்புக்கும் ரோஜாப்பூவுக்கும் கீழே மாமனாரின் வாய்ஸ் மெசேஜ் ஒன்று கிடந்தது. நாளெல்லாம் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

எல்லாருக்கும் தோத்திரம் என்று ஆரம்பித்தது செல்லக்கண்ணுவின் குரல். இந்த வாழைப்பூ வைத்தியத்தை வெளிநாட்டுக்காரன் யாரும் கண்டுபிடிக்கவில்லை, என் மகள் டாக்டர் விஜயராணியும் என் மருமகள் ரோஸ்லினும்தான் கண்டுபிடித்து எழுதினார்கள், இன்று என் முகத்துக்கு நேராக ஒத்துக்கொண்டார்கள் என்றது. கல்லூரியின் பெயர் வந்தது. சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று இரண்டு பேருடைய நம்பரும் ஒவ்வோர் எண்ணாக, நிதானமாக வந்தது. அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டால் கல்லும் கரையும்.

அதற்குள் நர்ஸ் கூப்பிட்டாள். ஆபரேஷன் சம்மதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். மீதியைக் கேட்காமலே ரோஸ்லின் போனை நிறுத்தினாள்.

டேனியல் கையெழுத்துப் போடும்போது, விஜயராணி சுவரில் சாய்ந்துகொண்டு வெறித்துப் பார்த்தாள். யார் சொன்னது? டாக்டர் விஜயராணி. அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா? இருக்கிறார், காலேஜ் பெயரோடு, போன் நம்பரோடு. வேறு யாராவது சொல்கிறார்களா? பெற்ற தகப்பனே சாட்சி. அவர்கள் செய்த பொய், அவர்கள் வைத்த பரீட்சையில் இன்று பாஸாகிவிட்டது.

பிரின்சிபாலுக்குச் செய்தி போயிருக்குமா என்று ரோஸ்லின் மெல்லக் கேட்டாள். பிரின்சிபால் எம்மாத்திரம்? எத்தனை வீட்டு அடுப்பில் இந்நேரம் அது கொதித்துக்கொண்டிருக்கிறதோ என்றுதான் விஜயராணி நினைத்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. புது நம்பர்.

பாகூரிலிருந்து பேசுவதாகச் சொன்னது ஒரு பெண் குரல். பெயர் கனகாம்பாளாம். பெரியவருடைய வாய்ஸ் மெசேஜை சம்பந்தி வீட்டுக்காரர் அனுப்பினாராம். டாக்டர் அம்மாதானே என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இல்லை, வலிப்பு. வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரைக்கே கேட்கிற மருந்து வலிப்புக்குக் கேட்காதா என்று, இன்று மத்தியானத்திலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுத்திருக்கிறாள். வேளைக்கு எத்தனை டம்ளர் என்று மட்டும் சொன்னால் போதுமாம்.

“அம்மா, மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க. அது பொய். சத்தியமா பொய். நான்தான் எழுதினன், நானே சொல்றன். இப்பவே மாத்திரையைக் குடுத்துடுங்க. எங்கப்பா அதைக் குடிச்சுட்டுத்தான் இங்க ஆஸ்பத்திரில கெடக்குறாரு.”

அந்தப் பக்கம் கனகாம்பாள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, தெரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்வார்களே, அந்தச் சிரிப்பு.

“பெரியவரு அந்த வாய்ஸ்ல கடைசில சொல்லியிருக்காரும்மா. போன் பண்ணி கேட்டா எம் பொண்ணு பொய்னுதான் சொல்லுவா, மேல இருக்கறவங்க அப்படிச் சொல்ல வச்சிருக்காங்க, நீங்க புரிஞ்சிக்கங்கன்னு. எனக்குப் புரியுதும்மா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே பாத்துக் குடுத்துக்கறன்.”

போன் வைக்கப்பட்டது.

விஜயராணி அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பாகூரில் கனகாம்பாள் என்று எத்தனை பேர் இருப்பார்கள், எந்தத் தெருவென்று போய்த் தேடுவது என்று அண்ணியைக் கேட்டாள். எதையும் எங்கேயிருந்தாவது தேடி எடுத்துக் கொடுத்துவிடுகிற ரோஸ்லினுக்கு அன்றைக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அவள் கையிலிருந்த போனும் அடிக்க ஆரம்பித்திருந்தது.